சிக்குக் கோலத்தை வெட்டுக் கோப்பாக்குவது

ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோலப் படத்தை அனுப்பினால், "இது ஜேபெக்ங்க, வெட்ட முடியாது. கோரல் ஃபைல் இருக்கா?" என்று பதில் வரும். கடைக்காரர் சொல்வது சரிதான். ஒளிப்படம் என்பது வரிசையாக அடுக்கிய நிறச் சதுரங்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்ற விவரம் அதில் கிடையாது. கத்திக்கும் லேசருக்கும் வேண்டியதோ அந்த விவரம் மட்டும்தான். அதை எழுதி வைத்திருக்கும் கோப்பைத்தான் வெக்டர் என்கிறோம்.

சிலர் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, அதே படத்தை ஒரு எஸ்.வி.ஜி. கோப்புக்குள் ஒட்டி, பெயரை மாற்றி அனுப்புகிறார்கள். உறை மாறினாலும் உள்ளே இருப்பது பழைய ஜேபெக்தான். இயந்திரம் அதை வெட்டாது.

இந்த அத்தியாயத்தில் 1-3-5-3-1 என்று புள்ளி வைத்த ஒரு சிக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டு இரண்டு கோப்புகள் செய்யப் போகிறோம். ஒன்று தரையில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு, மற்றது மாவு தூவும் அச்சுக்கு. மென்பொருள் இங்க்ஸ்கேப். 2003-ல் தொடங்கி, 2020 மே மாதத்தில் 1.0 பதிப்பை எட்டிய இலவச மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கீழே சொல்லும் மெனுக்கள் 1.0-க்குப் பிந்தைய பதிப்புகளுக்கானவை.

எது மிஞ்ச வேண்டும்?

மவுஸைத் தொடும் முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கரில் மிஞ்சுவது கோடு. இடையில் உள்ள வெற்றிடங்களை உரித்து எறிகிறோம். அச்சில் நேர்மாறு: கோடு விழுந்துவிட வேண்டும், வெற்றிடங்கள் தகடாக நிற்க வேண்டும். ஒரே கோலம், ஆனால் ஒன்றுக்குச் செய்த கோப்பு மற்றதற்கு உதவாது.

ஏன் என்பதற்குக் கோலத்திலேயே விடை இருக்கிறது. சிக்குக் கோலத்தின் இழை தன்னைத் தானே குறுக்கிட்டுப் போகும்போது மூடிய அறைகள் உண்டாகின்றன. எத்தனை அறைகள் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. குறுக்குச் சந்திப்புகளை எண்ணி ஒன்று கூட்டினால் போதும். இழை ஒன்றானாலும் பலவானாலும், கோலம் ஒட்டுமொத்தமாகத் தொடர்ந்திருந்தால் இது பொருந்தும். நம் கோலத்தில் 13 புள்ளிகள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு சந்திப்பு என்று வைத்தால் கிடையாக 8, நெடுக்காக 8, மொத்தம் 16. ஆக அறைகள் 17. இவற்றில் 13 புள்ளியைச் சுற்றியவை, 4 நடுவில் காலியாக நிற்பவை. கோட்டை அப்படியே வெட்டி எடுத்தால் இந்தப் பதினேழும் பற்றுக்கோடில்லாமல் கீழே விழும். கையில் மிஞ்சுவது கோலத்தின் வெளி எல்லை அளவுக்கு ஒரே பெரிய ஓட்டை போட்ட தகடு, அவ்வளவுதான்.

தானாகப் பிரதி எடுக்க வேண்டாம்

இங்க்ஸ்கேப்பைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் பாத் மெனுவில் உள்ள ட்ரேஸ் பிட்மேப்பில்தான் தொடங்குகிறார்கள். படத்தைக் கொடுத்தால் வெக்டர் தரும் வசதி அது. பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் என்ற நிரல் அதன் அடியில் வேலை செய்கிறது. அருமையான கருவி. ஆனால் சிக்குக் கோலத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

பென்சில் கோட்டை அது கோடாகப் பார்ப்பதில்லை, மெலிந்த கறுப்புப் பரப்பாகப் பார்க்கிறது. அதனால் கோட்டின் இரண்டு கரைகளையும் வரைந்து தரும். கை அழுத்தம் கூடிய இடத்தில் கோடு தடிக்கும், குறைந்த இடத்தில் மெலியும். சந்திப்புகளின் கூர்மை மழுங்கும். நான்கு பக்கமும் ஒத்திருக்க வேண்டிய கோலம் நான்கு விதமாக நிற்கும். பாதையின் கணுக்கள் (நோடுகள்) நூற்றுக்கணக்கில் குவியும். கத்தி ஒவ்வொரு கணுவிலும் திணறி, வளைவு பல்லுப் பல்லாக வரும். சிம்ப்ளிஃபை கொடுத்தால் கணு குறையும், கூடவே உருவமும் கரையும். நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் சென்டர்லைன் வசதி 1.0 முதல் இருக்கிறது. அதிலும், இரண்டு இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கவைகளாகப் பிரிந்துவிடும். சிக்குக் கோலத்தின் உயிரே அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது.

கோலம் விதிப்படி நடப்பது. சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விதி தெரிந்த உருவத்தை விதிப்படி வரைவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை, வேலையும் குறைவு. அம்மாவின் கோல நோட்டிலிருந்து எடுப்பதாக இருந்தாலும், அந்தப் பக்கத்தை நேர் மேலிருந்து படம் பிடித்து, இங்க்ஸ்கேப்பில் ஓர் அடுக்கில் மங்கலாக வைத்துப் பூட்டிவிட்டு, மேல் அடுக்கில் புதிதாக வரையுங்கள்.

ட்ரேஸ் பிட்மேப்புக்கு உரிய இடம் வேறு: கையால் இழுத்த மயில், அன்னம், தூரிகை எழுத்து. அவற்றை ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்டு கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, பிறகு இங்க்ஸ்கேப்பில் பிரைட்னஸ் கட்ஆஃப் முறையில் எடுங்கள். தூசு தும்பு வந்தால் ஸ்பெக்கிள்ஸ் அளவைக் கூட்டுங்கள். வெக்டர் படத்தின் மேலேயே அச்சு அசலாக உட்கார்ந்திருக்கும். அதை நகர்த்திவிட்டு அடியில் இருக்கும் ஒளிப்படத்தை அழிக்க மறக்காதீர்கள்.

வரைவது

புள்ளிக்குப் புள்ளி 30 மி.மீ. இடைவெளி வைப்போம். கோலம் மொத்தம் ஏறத்தாழ 15 செ.மீ. வரும். டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் அலகை மி.மீ. ஆக்கி, 15 மி.மீ. இடைவெளியில் கட்டம் போடுங்கள். புள்ளி இடைவெளியில் சரிபாதி என்பது முக்கியம். அப்போதுதான் புள்ளிகளும், புள்ளிகளுக்கு நடுவே விழும் சந்திப்புகளும், ஓரத்தில் இழை திரும்பும் இடங்களும் எல்லாமே கட்டத்தின் மூலைகளில் வந்து உட்காரும். கட்டத்தோடு ஒட்டும் வசதியை, அதாவது ஸ்னாப்பிங்கை, போட்டுக்கொள்ளுங்கள். 13 புள்ளிகளுக்கும் 5 மி.மீ. வட்டங்களை முதலிலேயே வைத்துவிடலாம்.

இனிப் பென் கருவி. இழை எப்போதும் சாய்வாகவே போகும்: ஒரு சந்திப்பிலிருந்து கட்டத்தின் மூலைவிட்டமாக அடுத்த சந்திப்புக்கு. அடுத்த பக்கம் புள்ளி இல்லாத ஓரத்தில், சந்திப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணு வைத்துச் செங்கோணத்தில் திரும்ப வேண்டும். முனைப் புள்ளியைச் சுற்றும்போது அப்படி மூன்று திருப்பங்கள் வரும். வளைவைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். கோணல் மாணலாக, வெறும் நேர்கோடுகளாகவே க்ளிக் செய்துகொண்டு போங்கள்.

எங்கே தொடங்குவது என்பதில் கவனம் தேவை. சந்திப்பில் தொடங்கினால் இழை இரண்டாம் முறை அவ்வழியே வரும்போது, நீங்கள் தொடங்கிய கணுவைத் தொட்டதாக நினைத்து மென்பொருள் பாதையை மூடிவிடும். ஆகவே இழை ஒரே முறை மட்டும் வந்து போகும் இடத்தில், அதாவது முனைப் புள்ளிக்கு வெளியே உள்ள நுனியில், தொடங்குங்கள். சுற்றி அங்கேயே வந்து சேரும்போது பாதை முறைப்படி மூடும். ஏதாவது சந்திப்புகளில் இழை ஒரு முறைதான் போயிருக்கிறது என்றால் இன்னோர் இழை பாக்கி இருக்கிறது என்று பொருள். அதைத் தனிப் பாதையாக வரைந்து, முடிவில் எல்லாவற்றையும் தேர்ந்து பாத் மெனுவில் கம்பைன் கொடுங்கள்.

அடுத்து நோட் கருவிக்கு மாறி, கன்ட்ரோல்-ஏ அழுத்திக் கணுக்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்-ஒய் அழுத்துங்கள். எல்லாக் கணுவும் தானே மென்மையாகும் வகைக்கு மாறும். உள்ளே சாய்கோடுகள் நேராக நிற்க, ஓரங்கள் எல்லாம் இதழாக வளைந்து கோலம் ஒரே நொடியில் எழுந்து வரும். சந்திப்புகள் செங்கோணமாகவே இருக்கும். கட்டத்தை அரைப் பங்கில் போட்டதன் பலன் இது.

சரிபார்ப்பதும் சுலபம். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு கணு. 13 புள்ளிக்கு 52 கணு. கீழே உள்ள நிலைப்பட்டையில் அந்த எண் தெரியும். 53 என்றால் எங்கோ இருமுறை க்ளிக் ஆகியிருக்கிறது.

இந்தக் கோப்பை இப்படியே, தடிமன் கொடுப்பதற்கு முன், தனிப் பெயரில் சேமியுங்கள். நாளைக்கு ஒருவர் மெல்லிய கோடு கேட்பார், இன்னொருவர் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான்.

ஸ்டிக்கர்

ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியில் உள்நிறத்தை எடுத்துவிட்டுக் கோட்டின் தடிமனை 4 மி.மீ. ஆக்குங்கள். பார்க்கக் கோலம் தயார். ஆனால் இந்த நிலையில் அனுப்பினால் கத்தி கோட்டின் நடுவே ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டுப் போகும். தடிமன் என்பது இன்னும் திரையில் தெரியும் தோற்றம்தான், உருவத்தின் பகுதி அல்ல. பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்தால் கோட்டின் இரு கரைகளும் உண்மையான பாதைகளாகும்.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. கன்ட்ரோல்-5 அழுத்தி வெறும் வெளிக்கோடு தெரியும் பார்வைக்கு மாறுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சிறு சதுரம் தெரியும்: இழை இழையின் மேல் ஏறிப் போகும் இடத்தில் நான்கு கரைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. கத்தி அவற்றையும் வெட்டும். உரிக்கும்போது கோலம் துண்டு துண்டாகக் கையோடு வரும். பாத் மெனுவில் யூனியன் ஒரு முறை கொடுத்தால் அந்தச் சதுரங்கள் மறைந்து, எல்லாம் ஒரே உடலாகும்.

மீண்டும் எண்ணிப் பாருங்கள். பிரேக் அபார்ட் கொடுத்தால் 18 பாதைகள் பிரிய வேண்டும்: 17 அறைகள், ஒரு வெளி எல்லை. எண் சரியாக இருந்தால் கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். கூடுதலாக வந்தால் எங்கோ ஒரு சந்திப்பு ஒட்டாமல் கிடக்கிறது.

புள்ளிகள் தனித்தனி வட்டங்களாக நிற்பது பற்றிக் கவலை வேண்டாம். ட்ரான்ஸ்ஃபர் டேப் அவற்றைத் தம் இடத்திலேயே தூக்கி வந்து ஒட்டிவிடும். சிறு புள்ளிகள் தூக்கும்போது விட்டுப்போகக்கூடும், ஆகவே 5 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள்.

அச்சு

அறைகள் விழாமல் இருக்கப் பாலம் விட வேண்டும்: கோட்டின் குறுக்கே வெட்டாமல் விடும் சிறு பட்டை. கடைகளில் விற்கும் பல கோல அச்சுகளில் இந்தப் பாலங்கள் தோன்றிய இடத்தில் எல்லாம் கிடக்கும். மாவு தூவி எடுத்தால் கோடு அறுந்து அறுந்து தெரியும். சிக்குக் கோலத்தில் அதற்கு அவசியமே இல்லை. பாலம் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கோலமே சொல்லிவிடுகிறது.

இழை ஒரு சந்திப்பில் மேலே ஏறிப் போனால் அடுத்ததில் கீழே நுழைந்து போகட்டும். கீழே நுழையும் இழையை மட்டும், மேல் இழையின் இரு பக்கமும் 3 மி.மீ. விட்டுப் பிடியுங்கள். பார்ப்பவருக்கு அது அறுபட்ட கோடாகத் தெரியாது, பின்னிய கயிறாகத் தெரியும். தகட்டுக்கோ அதுவே பாலம். மேலும் கீழுமாக மாறி மாறிப் போவதால், இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கோட்டுத் துண்டுக்கும் கட்டாயம் ஒரு பாலம் கிடைத்துவிடும். எந்த அறையும் அனாதையாக நிற்காது. 16 சந்திப்புக்கு 32 பாலங்கள்.

எங்கே எந்த இழை கீழே என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய்த் தலை சுற்ற வேண்டியதில்லை. கிடையாக அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே உள்ள சந்திப்புகள் எட்டிலும் ஒரே பக்கச் சாய்வு கீழே போகட்டும். நெடுக்காக உள்ள எட்டிலும் மறுபக்கச் சாய்வு கீழே போகட்டும். மாறி மாறி வரும் வரிசை தானாக அமைந்துவிடும், எவ்வளவு பெரிய கோலமானாலும்.

இங்க்ஸ்கேப்பில் செய்வது இப்படி. 3 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரத்தில் இரண்டு செவ்வகங்களை வரைந்து, இடையே 4 மி.மீ. விட்டு, அதாவது மேல் இழையின் தடிமன் அளவுக்கு விட்டு, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் குழுவாக்குங்கள். 45 பாகை சுழற்றுங்கள். இதுதான் முதல் முத்திரை. அதைப் பிரதி எடுத்து எச் விசையை அழுத்தினால் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும், அது இரண்டாவது முத்திரை. முதலாவதைக் கிடைச் சந்திப்புகள் எட்டிலும், இரண்டாவதை நெடுக்குச் சந்திப்புகள் எட்டிலும் மையம் பொருந்த வையுங்கள். நான்கு முனைகளிலும் இதழைச் சுற்றி ஒரே ஒரு கோட்டுத் துண்டுதான் இருக்கிறது. அதனால் அந்த அறைக்கு ஒரே பாலம்தான் கிடைக்கும், தட்டினால் ஆடும். இதழ் நுனியில் இன்னொரு செவ்வகத்தைக் கோட்டின் குறுக்கே வைத்து அதை நிலைநிறுத்துங்கள்.

இனிக் குழுக்களைப் பிரித்து, செவ்வகங்கள் அனைத்தையும் யூனியன் கொடுத்து ஒரே பொருளாக்கி, யூனியன் முடித்த கோலத்தின் மேல் வைத்து, இரண்டையும் தேர்ந்து டிஃபரன்ஸ் கொடுங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதிலிருந்து கழியும். பிரேக் அபார்ட் கொடுத்து எண்ணினால் 20 துளைகள் வர வேண்டும்: பின்னலால் 16, முனைப் பாலங்கள் பிரித்ததால் இன்னும் 4. சுற்றிலும் 190 மி.மீ. சதுரச் சட்டம் ஒன்று வரைந்து மூலைகளை உருட்டிவிட்டால் அச்சு தயார்.

பாலத்தின் அகலம் தகட்டின் கனத்துக்குக் குறையக் கூடாது. 2 மி.மீ. அக்ரிலிக்குக்கு 3 மி.மீ. பாலம் தாராளம். எம்.டி.எஃப். மலிவுதான், ஆனால் நீர் தெளித்த வாசலில் வைக்கும் பொருள் இது. ஈரம் குடித்து ஊதிவிடும். அக்ரிலிக்கே நல்லது.

கடைக்குக் கொடுக்கும் முன்

அளவு மாறிப்போவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது, 0.92-க்கு முந்தைய பதிப்புகள் 90 என்று வைத்தன, வேறு சில மென்பொருள்கள் 72 என்று எடுத்துக்கொள்கின்றன. கோப்பின் ஓரத்தில் 50 மி.மீ. சதுரம் ஒன்றை வைத்து, "இது 50 வருதான்னு பாருங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். 66.7 என்று வந்தால் 96-க்கும் 72-க்கும் இடையே குழம்பியிருக்கிறது என்று உடனே தெரியும். டி.எக்ஸ்.எஃப். கோப்பாகக் கேட்டால் இந்தச் சதுரம் இன்னும் அவசியம், ஏனென்றால் திறக்கும்போது மி.மீ.யா அங்குலமா என்பது பலமுறை ஊகமாகிவிடும். வீட்டில் சிறிய இயந்திரம் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: சிலூவெட் இயந்திரங்களுக்கான சிலூவெட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு டி.எக்ஸ்.எஃப். திறக்கும், எஸ்.வி.ஜி.க்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். கிரிகட் இயந்திரங்களின் மென்பொருள் எஸ்.வி.ஜி.யை நேரடியாக ஏற்கும்.

அச்சில் பெயரோ வாழ்த்தோ சேர்த்திருந்தால் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்துகளை உருவங்களாக்கிவிடுங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் சிதைந்துபோகும். கொக்கியும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்களுக்கும் ஒரு யூனியன் தேவைப்படும்.

ஸ்டிக்கருக்கான வினைல் பெரும்பாலும் பி.வி.சி. அதை எந்தக் காரணம் கொண்டும் லேசரில் வெட்டக் கேட்காதீர்கள், நீங்களே லேசர் வைத்திருந்தாலும் வெட்டாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். மூச்சுக் குழாயை அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். பி.வி.சி. ஃபோம் ஷீட்டுக்கும் இதேதான். வினைலுக்குக் கத்தி, அக்ரிலிக்குக்கு லேசர்.

லேசர் கற்றை தான் போகும் வழியில் பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. வரை பொருளைத் தின்னும். ஒரு துண்டை இன்னொன்றுக்குள் பொருத்தும் வேலையில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 4 மி.மீ. கோட்டில் மாவு தூவும் அச்சுக்கு இது பொருட்டல்ல.

கடைசியாக வெட்டும் வரிசை. முதலில் 13 புள்ளிகள், அடுத்து 20 துளைகள், எல்லாம் முடிந்த பிறகு வெளிச்சட்டம். சட்டம் முதலில் அறுந்தால் தகடு படுக்கையில் நகர்ந்துவிடும், அதன்பின் வெட்டும் துளைகள் எல்லாம் தள்ளி விழும். மூன்றையும் மூன்று நிறக் கோடுகளாகக் கொடுத்தால், எந்த நிறம் முதலில் என்று கடைக்காரர் தம் மென்பொருளில் அமைத்துக்கொள்வார்.